கொல்லைப்புறத்து ஷிஃப்டுகள்

“அங்கயே நில்லு எழிலு. கால கீழ வைக்காத.”

அண்ணி அன்புக்கரசி இப்படிச் சொன்னபோது எழில்மதியின் ஒரு கால் பின்வாசல் படியில் இருந்தது, இன்னொரு கால் அந்தரத்தில் நின்றது. துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், கையில் விளக்குமாற்றோடு, சுவரைப் பார்த்தபடி அண்ணி குந்தியிருந்தாள்.

“பாம்பா அண்ணி?”

“மெதுவா பேசு. பாம்பு இருந்தா நான் இப்டி குந்திக்கினு இருப்பனா? நீ நகந்தா நெழலு செவுத்துல வுழும். வுழுந்தா ஈ பறந்துடும். பாவம், காலையிலேர்ந்து அவன் ஒண்ணும் துன்னல.”

“யாரு?”

“ஜெனரல் ஷிஃப்டு.”

மதிலுக்கு அந்தப் பக்கம் யாராவது வேலை செய்கிறார்களோ என்று எழில்மதி எட்டிப் பார்த்தாள். முருங்கை மரமும் கொடியில் காயும் பக்கத்து வீட்டுப் போர்வையும்தான் தெரிந்தன. அண்ணி கண்ணை எடுக்காமல் தாடையால் சுவரைக் காட்டினாள். வெள்ளையடித்த சுவரில், ஒரு மிளகு அளவில், சாம்பல் நிறச் சிலந்தி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு சாண் தள்ளி ஓர் ஈ, சாப்பாட்டுக்கு உட்காரப் போகிறவனைப் போல முன்கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தது. சிலந்தி இரண்டு எட்டு வைக்கும், நிற்கும். ஈ திரும்பினால் இதுவும் சுவரில் ஒரு கறையாகிவிடும். எழில்மதியின் அந்தரத்துக் கால் வலிக்க ஆரம்பித்தது. கீழே வைக்கலாமா என்று அவள் நினைத்த நொடியில் சிலந்தி பாய்ந்துவிட்டது. பாய்ந்ததை அவள் பார்க்கவே இல்லை. ஈ இருந்த இடத்தில் இப்போது இரண்டு பேர் இருந்தார்கள்.

அண்ணி விளக்குமாற்றைக் கீழே போட்டாள். இரண்டு உள்ளங்கையையும் கைதட்டுவதுபோல் கொண்டுவந்து, ஓசை வராமல் சேர்த்தாள்.

“உங்களுக்குப் பயமா இல்லையா அண்ணி?”

“எனக்கா? அவனுக்கு நான் எம்மாம் பெருசு. பயந்தா அவன்தான் பயப்படணும்.”

“அப்ப நைட் ஷிஃப்டும் இருக்கா?”

அண்ணி முதல்முறையாகத் திரும்பி அவளைப் பார்த்தாள். இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று வெகுநாள் காத்திருந்தவளின் முகம் அது. “சாயந்தரம் வருவா. சத்தம் போடாம பாக்கறதுன்னா பாரு” என்றாள்.

எழில்மதிக்கும் அண்ணிக்கும் நடந்த முதல் முழுப் பேச்சு அதுதான். அதற்கு முன்பெல்லாம் ‘போதும்’, ‘சரி’, ‘பரவாயில்லை’ என்பதைத் தாண்டி அவள் அண்ணியிடம் பேசியதில்லை. யாரிடமும் பேசுகிறவள் இல்லை. மந்தாரக்குப்பத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்து, விருத்தாசலம் பக்கத்து ஊரிலிருந்து தினமும் போய்வர முடியாதென்று, நெய்வேலியில் அண்ணன் ஜெயப்பிரகாஷின் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்திருந்தாள். வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் குரல் எழும்பும். வீட்டுக்கு வந்தால் அடங்கிவிடும். அந்த வீட்டுக்கு அது பொருத்தமாகவும் இருந்தது.

ஏனென்றால் அது ஷிஃப்ட் வீடு. ஜெயப்பிரகாஷுக்குச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பகுதியில் வேலை. நைட் ஷிஃப்ட் வாரங்களில் விடிந்தபின் பஸ்ஸில் வந்து இறங்குவான். குளித்து, இரண்டு இட்லியைப் பிட்டுப் போட்டுக்கொண்டு, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டுப் படுத்தால் பிற்பகல்வரை வீடு மூச்சுவிடக் கூடாது. மிக்ஸி ஓடாது. குக்கரில் விசில் வருமுன் அடுப்பை அணைத்துவிட வேண்டும். கீரைக்காரம்மாகூட அந்தத் தெருவில் எந்த வீட்டுக்கு எந்த வாரம் நைட் என்று தெரிந்து வைத்துக்கொண்டு, அந்த வாசல்களை மட்டும் கூவாமல் கடந்து போவாள்.

அன்புக்கரசி வளர்ந்தது நேர் எதிரான வீட்டில். நெல்லிக்குப்பத்தில் அப்பாவுக்குக் கரும்பு விவசாயம். சர்க்கரை ஆலைச் சங்கும், கரும்பு ஏற்றிய டிராக்டரும், கூடப்பிறந்தவர்களின் சண்டையும் சேர்ந்த இரைச்சலில், உப்பு கேட்பதென்றாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். அப்படிப்பட்டவளைக் கட்டிக்கொண்டு வந்து ஒரு மௌனத்துக்குள் விட்டால் என்ன ஆகும்? கல்யாணமான புதிதில், மெதுவாக நடந்து நடந்தே கால் வலித்ததாக அவள் எழில்மதியிடம் சொல்லியிருக்கிறாள். ஒருநாள் எவர்சில்வர் தட்டொன்று கை நழுவியது. உள்ளே கணவன் திடுக்கிட்டு எழுந்து “ஸைரனா?” என்று கேட்டபோது, இனி இந்த வீட்டுக்குள் பகலில் இருக்கக் கூடாது என்று விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனவள்தான்.

அங்கே செம்பருத்திச் செடியில் ஒரு கும்பிடு பூச்சி, பச்சைக் குச்சியோடு குச்சியாக நின்றிருந்தது. அது ஒரு வண்ணத்துப்பூச்சியை எட்டிப் பிடித்து, கரும்பைக் கடிப்பதுபோல் நுனியிலிருந்து கடித்துத் தின்பதை அவள் பார்த்தாள். அலறல் தொண்டைவரை வந்துவிட்டது. அவர் தூங்குகிறாரே என்று வாயைப் பொத்திக்கொண்டாள். கத்த முடியாததால் ஓடவும் தோன்றவில்லை. ஓடாததால் முழுவதையும் பார்த்தாள். தின்று முடித்த பூச்சி, கையை வாயில் வைத்துப் பூனை மாதிரி நக்கிச் சுத்தம் செய்துகொண்டதாம். “அன்னைக்கு அத பாத்தப்புறம் எனக்குப் பொழுது போவலன்னு ஒரு நாளும் தோணல” என்பாள்.

அதன்பிறகு வந்தவர்களுக்கெல்லாம் அவள் டவுன்ஷிப் வழக்கப்படியே பெயர் வைத்தாள். சுவரில் பகலெல்லாம் வேட்டையாடும் குதிக்கும் சிலந்தி ஜெனரல் ஷிஃப்ட். பொழுது சாய்ந்ததும் துணிக்கொடிக் கம்பிக்கும் கருவேப்பிலை மரத்துக்கும் இடையில் வட்ட வலை கட்டி, விடியுமுன் அதைச் சுருட்டித் தானே தின்றுவிட்டு இலைக்குள் ஒடுங்கும் பெரியவள் நைட் ஷிஃப்ட். வலையின் நடுவே வெள்ளையில் பெருக்கல் குறி போட்டு, கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து வைத்துக்கொண்டு இரவும் பகலும் அசையாமல் கிடப்பவள் பெர்மனென்ட். மழை விட்டதும் கூட்டமாக வந்து கொசுவைப் பிடித்துவிட்டு நாலு நாளில் காணாமல் போகும் தட்டான்கள் கான்ட்ராக்ட்.

பக்கத்து வீட்டுப் பொற்கொடி அக்கா துணி காயப்போட வரும்போதெல்லாம் மதிலுக்கு மேலே தலையை நீட்டுவாள்.

“என்னா அன்பு, ஊரே டிவியில சீரியல் பாக்குது. நீ செவுத்த பாத்துக்கினு குந்தியிருக்க.”

“இதுலயும் சண்ட, கொல, புள்ளத்தாச்சி எல்லாம் இருக்குதுக்கா. வெளம்பரம் மட்டும்தான் கெடையாது.”

“யாரு செத்தா இன்னிக்கி?”

“ஒரு கரப்பான். உங்க வூட்டுலேர்ந்து வந்தவன்தான்.”

பொற்கொடி அக்கா ‘எங்கள் வீட்டில் கரப்பானே இல்லை’ என்று கிளிப்பை அழுத்திக் குத்திவிட்டுப் போவாள். மறுநாள் அவளே வந்து, பெர்மனென்ட்டுக்குக் குழந்தை பிறந்துவிட்டதா என்று கேட்பாள்.

அன்புக்கரசி எல்லாவற்றையும் சிரித்தே பார்த்தாள் என்று சொல்ல முடியாது. ஒருநாள் எழில்மதி பள்ளியிலிருந்து வந்தபோது அண்ணி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். மண்கூடு கட்டும் குளவி ஒன்று வந்து ஜெனரல் ஷிஃப்ட்டைக் கொட்டி மயக்கித் தூக்கிக்கொண்டு போய்விட்டதாம். குளவிக் கூடு ஜன்னல் மூலையில்தான் இருந்தது. ஒட்டடைக்கோல் பக்கத்திலேயே சாய்ந்திருந்தது. உடைக்கவா என்று எழில்மதி கேட்டாள். அண்ணி கூட்டை நிமிர்ந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றாள். “அது தனக்கா எடுத்துக்கினு போச்சி? புள்ளைக்கு வைக்குது” என்று சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். அடுத்த வாரம் சுவரில் இன்னொரு மிளகு வந்து சேர்ந்தது. போஸ்டிங் போட்டுவிட்டார்கள் என்றாள்.

எழில்மதி சிலந்தியைக் கண்டால் குளியலறையிலிருந்து பாதி நுரையோடு வெளியே ஓடிவருகிறவளாக இருந்தவள். வந்த புதிதில் அப்படி ஒரு முறை ஓடிவரவும், அண்ணன் செருப்போடு பாய்ந்து வரவும், அண்ணி இரண்டு பேரையும் தடுத்து அதை முறத்தில் ஏந்திப் போய் முருங்கையில் விட்டதும் உண்டு. இப்போது மாலையில் ஸ்கூட்டியை நிறுத்தியதும் பையைக்கூட இறக்காமல் பின்பக்கம்தான் போவாள். நைட் ஷிஃப்ட் டியூட்டிக்கு வரும் நேரம் அது. முதல் நூலைக் காற்றில் விட்டு, அது ஒட்டிக்கொண்டதா என்று இழுத்துப் பார்த்து, பிறகு ஆரம் ஆரமாக ஓடி ஓடிக் கட்டும் வேலையை இருவரும் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பார்ப்பார்கள். பேச்சு குறைவு. எழில்மதிக்கு அந்த ஊரில் கிடைத்த பெரிய சுகம் அதுதான்: பேசாமல் ஒருவரோடு இருப்பது.

தை பிறந்து சில நாளில் ஜெயப்பிரகாஷ் இனிப்புப் பெட்டியோடு வந்தான். வேறு பிளாக்கில், முதல் மாடியில், புதிதாக வெள்ளையடித்த குவார்ட்டர்ஸ் அவனுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. எப்போதோ எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் மூச்சுவிடாமல் இருந்திருக்கிறான். அடுத்த மாதமே மாறிவிடலாமாம்.

“உனக்காகத்தான் அன்பு எழுதிக் குடுத்தேன்” என்றான். “நானும் எவ்ளோ நாளா பாக்கறேன். தூக்கம் கலைஞ்சி ஜன்னல் போர்வைய வெலக்கிப் பாத்தா நீ வெளக்குமாற வச்சிக்கிட்டு பின்னாடி நின்னுட்டே இருக்க. ஒரு நாளாவது உள்ள நிம்மதியா ஒக்காந்து பாத்ததில்ல. இந்தப் பொண்ணு வேற அன்னிக்கு அந்தக் கத்து கத்துச்சி. மாடியில பூச்சி பொட்டு ஒண்ணும் வராது.”

எழில்மதி அண்ணியைப் பார்த்தாள். அண்ணியின் முகம் ஒரு கணம், ஈ திரும்பியதும் நின்றுவிடும் ஜெனரல் ஷிஃப்ட்டைப் போல அசையாமல் நின்றது. பிறகு சிரித்து, இனிப்பை எடுத்துப் பாதி பிட்டுக் கணவன் வாயில் வைத்தாள்.

அண்ணனைக் குறை சொல்ல எழில்மதிக்கு மனம் வரவில்லை. கொல்லைப்புறத்தில் எல்லாம் நடப்பது அவன் தூங்கும்போது, இல்லையென்றால் டியூட்டியில் இருக்கும்போது. அவன் வீட்டில் விழித்திருக்கும் மாலைகளில், அண்ணி இதையெல்லாம் விட்டுவிட்டு அவனுக்குச் சூடாக ஏதாவது செய்துகொண்டு உள்ளே இருப்பாள். அவன் தூக்கத்துக்காக அவள் வெளியே போனாள். அவள் வெளியே நிற்கிறாளே என்று அவன் வீட்டையே மாற்றப் பார்க்கிறான்.

“சொல்லிடுங்க அண்ணி” என்றாள் மறுநாள்.

“என்னான்னு சொல்ல? எட்டுக்கால் பூச்சிக்காவ வூடு வேணாம்னா? மெனக்கெட்டு எழுதிக் குடுத்து வாங்கினு வந்திருக்காரு. அந்தச் சந்தோசத்த கெடுக்கணுமா?”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் அந்த வாரம் முழுவதும் அண்ணி சன்ஷேடுக்கு அடியில், மழை படாத செம்மண் புழுதியில்தான் இருந்தாள். அங்கே, எறும்பு சறுக்கி விழுவதற்காக மண்ணில் குழி வெட்டிக் காத்திருக்கும் குழியானைப் பூச்சிகளின் குழிகள் வரிசையாக இருந்தன. அதில் ஒருவனைத் தேக்கரண்டியால் எடுத்து, மண்ணோடு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, மாடி ஜன்னலில் வைத்தால் பிழைப்பானா என்று பார்த்தாள். அவன் பாட்டிலுக்குள்ளும் பின்னாலேயே நடந்து, சுற்றிச் சுற்றிக் குழி வெட்டினான். இவனைக் கொண்டுபோகலாம். நைட் ஷிஃப்ட்டை எந்தப் பாட்டிலில் வைப்பது? பெர்மனென்ட் தன் வலையோரத்தில் முட்டைப் பையைத் தொங்கவிட்டிருந்தாள். குஞ்சு வெளிவருமுன் சாவியை ஒப்படைக்க வேண்டியிருக்கும். செம்பருத்திக் கிளையில் கும்பிடு பூச்சியின் முட்டைக் கூடு, காய்ந்த நுரை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. அண்ணி பாட்டிலைக் கவிழ்த்து அவனை அவன் இடத்திலேயே விட்டுவிட்டாள்.

அதைப் பார்த்த அன்று எழில்மதி ஒரு முடிவுக்கு வந்தாள். அண்ணனிடம் அவள் இதுவரை எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை. அப்பா மூலமாகத்தான் கேட்பாள். என்ன சொல்வது என்று கரும்பலகைக்கு முன் ஒத்திகை பார்த்தாள். எப்படித் தொடங்கினாலும் சிலந்தி என்ற இடத்தில் கேலியாகிவிட்டது.

சனிக்கிழமை காலை, நைட் ஷிஃப்ட் பஸ் தெருமுனையில் நின்று போன சத்தம் கேட்டதும் வாசலுக்குப் போய் நின்றாள். ஜெயப்பிரகாஷ் புழுதி படிந்த யூனிஃபார்மோடு, ஹெல்மெட்டைக் கையில் தொங்கவிட்டபடி, பாதித் தூக்கத்தில் வந்தான். தங்கை வாசலில் நிற்பதைப் பார்த்ததும் பயந்துவிட்டான்.

“என்னம்மா? ஊர்லேர்ந்து ஃபோன் வந்துச்சா?”

“இல்லண்ணே. தூங்கறதுக்கு முன்னாடி பின்பக்கமா ஒரு தடவ வா. செருப்பக் கழட்டிட்டு வா.”

ஒத்திகை பார்த்ததில் ஒரு வார்த்தைகூட இது இல்லை. அவன் கேள்வி கேட்காமல் வந்தான். தங்கை வாய் திறந்ததே அவனுக்குப் பெரிய செய்தி.

பின்வாசல் படியில் இருவரும் நின்றார்கள். அன்புக்கரசி முதுகு காட்டிச் செம்பருத்திக்கு முன்னால் குந்தியிருந்தாள். காய்ந்த நுரைக் கூடு அன்று காலை திறந்துகொண்டிருந்தது. எறும்பை விடச் சற்றுப் பெரிய கும்பிடு பூச்சிக் குஞ்சுகள், கொத்துக் கொத்தாக நூலில் தொங்கி, கால்களை உதறி, இலைக்கு ஏறிக்கொண்டிருந்தன. ஏறியதும் ஏறாததுமாக ஒவ்வொன்றும் முன்கையை மடித்துக் கும்பிட்டது. ஒரு குஞ்சு அண்ணியின் கட்டைவிரலில் ஏறி, விரலைப் பார்த்தே கும்பிட்டது. அண்ணி தோள் குலுங்கச் சிரித்தாள். ஓசை இல்லை. மற்றக் கையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

ஜெயப்பிரகாஷ் குஞ்சுகளைப் பார்க்கவில்லை. மனைவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அன்பு” என்றான்.

அவள் திடுக்கிட்டு எழப் போனாள். விரலில் குஞ்சு இருந்ததால் எழ முடியவில்லை. “வந்துட்டீங்களா. இட்லி ஊத்தி வச்சிருக்கேன். போயி படுங்க” என்று பழக்கத்தில் கிசுகிசுத்தாள்.

“ஏன் மெதுவா பேசுற? நான்தான் முழிச்சிக்கிட்டு நிக்கறனே.”

அவள் விரலில் இருந்த குஞ்சைப் பார்த்தாள். பதில் எழில்மதியிடமிருந்து வந்தது. அண்ணி இங்கே நிற்பது பயத்தினால் இல்லை என்றும், விளக்குமாறு சும்மா கைக்குத் துணை என்றும், மாடி வீட்டில் இவர்களுக்கு இடமில்லை என்றும் சொல்லி முடித்தாள். தன் குரல் அந்த வீட்டில் அவ்வளவு நேரம் கேட்டது அவளுக்கே அதிசயமாக இருந்தது.

அவன் படியில் உட்கார்ந்தான். காலடியில், சன்ஷேடுக்குக் கீழே, ஒரு குழியானை குழி வெட்டிக்கொண்டிருந்தது. தலையால் மண்ணை அள்ளி விளிம்புக்கு வெளியே வீசும், பின்னால் ஓரடி, மறுபடி வீச்சு. பார்க்கப் பார்க்க அவன் முதுகு குனிந்தது. ஹெல்மெட்டை ஓரமாக வைத்தான். ஓர் எறும்பு விளிம்பில் கால் வைத்தது, சறுக்கியது, ஏறப் பார்த்தது. அடியிலிருந்து மண் வந்து அதன்மேல் விழுந்தது. சரிவு முழுவதும் அவிழ்ந்து எறும்போடு கீழே இறங்கியது.

“எங்க சுரங்கத்துல மண்ணு சரிஞ்சா வேலைய நிறுத்திடுவோம்” என்றான் மெதுவாக. “இவன் சரியறதுக்குன்னே வெட்டி வச்சிருக்கான். மண்ணு வெட்ட பக்கெட் வீல் மிஷினு இல்ல, அள்ளிக்கிட்டுப் போவ பெல்ட் இல்ல. ஒத்த ஆளு.” பிறகு இன்னும் குனிந்தான். “இவனுக்கு என்னா பேரு வச்சிருக்க?”

“மைன்ஸ்காரன்” என்றாள் அன்புக்கரசி. “உங்க நெனப்புலதான் வச்சேன்.”

அவன் சிரித்த சிரிப்பில் பொற்கொடி அக்கா மதிலுக்கு மேல் தலையை நீட்டினாள். நைட் ஷிஃப்ட் வாரத்தில் அந்த வீட்டிலிருந்து ஆண்குரல் சிரித்து அவள் கேட்டதில்லை. அன்புக்கரசி விரலில் இருந்த குஞ்சை இலையில் இறக்கிவிட்டு, நன்றாக ஓசை வரும்படி கைதட்டினாள்.

திங்கட்கிழமை ஜெயப்பிரகாஷ் அலுவலகத்துக்குப் போய் மாடி வீடு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தான். வரிசையில் அடுத்து அந்த வீடு கிடைக்க வேண்டியவர் கூட வேலை செய்யும் சண்முகசுந்தரம். அவர் நம்பாமல் காரணம் கேட்டாராம். “வீட்ல பெர்மனென்ட் ஆளுங்க நெறைய பேரு சார். நகத்த முடியல” என்றானாம். அவர் இன்றுவரை அதைக் கூட்டுக்குடும்பம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். மாசியில் பெர்மனென்ட்டின் பை திறந்து, கடுகுக் குஞ்சுகள் ஒவ்வொன்றும் ஒரு நூலைக் காற்றில் விட்டு, மதிலைத் தாண்டிப் பொற்கொடி அக்கா வீட்டுக்கே பறந்து போயின. அவள் அந்த வாரம் ஒட்டடை அடிக்கவில்லை.

ஒரு சிக்கல் மட்டும் புதிதாக வந்தது. ஜெயப்பிரகாஷ் எதையும் பாதியாகச் செய்கிறவன் இல்லை. மைன்ஸ்காரனுக்கு உற்பத்தி குறையக் கூடாது என்று, ஷிஃப்ட் முடிந்து வந்ததும் சர்க்கரை டப்பாவைத் திறந்து வைத்து எறும்பு பிடித்தான். குழிக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டான். நைட் ஷிஃப்ட்டின் வலையில் விட்டில் பூச்சியைக் கொண்டுபோய் ஒட்டினான். ஜெனரல் ஷிஃப்ட்டுக்கு எதிரே செத்த ஈயை நூலில் கட்டி ஆட்டினான். அன்புக்கரசி சொல்லிப் பார்த்தாள். தலையாட்டிவிட்டு, அவள் உள்ளே போனதும் இன்னோர் எறும்பு போடுவான்.

பங்குனியில் நெல்லிக்குப்பத்தில் தம்பி கல்யாணம். அவள் பத்து நாள் முன்னதாகவே கிளம்ப வேண்டியிருந்தது. எழில்மதி ஸ்கூட்டியில் அவளைப் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவிட்டாள். சாப்பாட்டுக்கு மாவு எங்கே, பொடி எங்கே என்று ஒன்றும் அண்ணி சொல்லவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாக எழில்மதியின் கையைப் பிடித்துக்கொண்டு, நெல்லிக்குப்பத்துக்காரியின் முழுக் குரலில், முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி சொன்னாள்:

“எழிலு, எனக்கு ஒரே ஒரு ஒதவி பண்ணு. நான் வர்ற வரைக்கும் உங்க அண்ணன் கையில ஒரு எறும்பு கெடைக்காம பாத்துக்க. அவங்கவங்க வேட்டைய அவங்கவங்களே ஆடட்டும்.”